பன்றி தோண்டிய கொடி

எங்கள் தாம்போ ஊரில் பியோ ஓக்புன்னை நேரில் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவள் முதுகில் சுமக்கும் புல்வெட்டும் மெஷினின் சத்தத்தைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினால் சுசொக் அறுவடைப் பண்டிகைக்கு முதல் நாள் வரை கமாக் குன்றில் அந்த இரைச்சல் ஓயாது. பண்டிகைக்கு முன்னால் முன்னோர்களின் கல்லறை மேட்டில் புல்லைச் சிரைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்துக்கே மானக்கேடு. சியோலில் குடியேறிவிட்ட பிள்ளைகளுக்கு மானம் இருக்கிறது, குனிய இடுப்பு இல்லை. ஆகவே ஓக்புன்னுக்கு வேலை இருக்கிறது.

வயது அறுபத்தேழு. ஆள் குள்ளம். பின்னாலிருந்து பார்த்தால் மெஷின் தானாகவே குன்றேறிப் போவது போலிருக்கும். அது புருஷன் செய்த தொழில். அவர் இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொம்பளை கல்லறையில் மெஷின் ஓட்டுவதா என்று முகம் சுளித்த கிழவர்கள் எல்லாருடைய மேட்டையும் இன்றைக்கு அவள்தான் சிரைக்கிறாள்.

கமாக் குன்று பழைய கல்லறைக்காடு. நூறு வருஷத்துக்கு மேலாக ஊர் தன் செத்தவர்களை அங்கே கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறது. கல் வைக்க முடிந்தவர்கள் வைத்தார்கள், முடியாதவர்கள் மரப்பலகை நட்டார்கள். பலகை மக்கிப்போனால் எல்லா மேடும் ஒரே மேடுதான். ஒரு பண்டிகைக் காலையில் இரண்டு குடும்பங்கள் ஒரே மேட்டின் முன்னால் தட்டுத் தட்டாகப் படையலோடு வந்து நின்றுவிட்டன. பதினொரு வருஷமாக ஒரு குடும்பம் முதல் நாள் வந்து கும்பிட்டிருக்கிறது, இன்னொரு குடும்பம் மறுநாள் வந்து கும்பிட்டிருக்கிறது. அந்த வருஷம் மழை வந்து கணக்கைக் குலைத்துவிட்டது. உள்ளே இருப்பது எங்கள் தாத்தா என்று இவர்களும் எங்கள் பாட்டி என்று அவர்களும் கத்திக்கொண்டார்கள். கடைசியில் பேரிக்காய்கள் பறந்தன.

ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. ஓக்புன் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கே அந்தக் கோளாறு இருந்தது.

குன்றின் வடக்குச் சரிவில், ஒரு பாறைக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடுகள். இரண்டில் ஒன்று அவளுடைய அப்பா பியோ சில்போக். எது என்றுதான் தெரியாது. அவர் இறந்தபோது அவளுக்கு எட்டு வயது. அந்தக் காலத்தில் பெண்கள் புதைக்கிற இடத்துக்குப் போவதில்லை. அப்பாவின் கூட்டாளி ஒருவர்தான் நான்கு பேரோடு சேர்ந்து தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வந்தார். "பாறைக்குக் கீழ, பலகை நட்டிருக்கேன்" என்று அம்மாவிடம் ஒரு வரி சொல்லிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அடுத்த குளிர்காலத்தில் யாரோ பலகையைப் பிடுங்கி அடுப்பெரித்துவிட்டார்கள். அம்மா போய்ப் பார்த்தபோது பாறைக்குக் கீழே இரண்டு மேடு இருந்தது, இரண்டுமே புது மண்.

ஆகவே ஓக்புன் நாற்பது வருஷமாக இரண்டையும் சிரைத்தாள். இரண்டுக்கும் சோஜு சாராயம் ஊற்றினாள், இரண்டுக்கும் கருவாடு வைத்தாள். செத்தவர்களுக்கு இரண்டு தரம் விழுந்து கும்பிடுவது முறை. அவள் நான்கு தரம் விழுந்து எழுந்தாள். அப்பாவிடம் எதையாவது மனம்விட்டுச் சொல்ல வேண்டுமென்றால்தான் சிக்கல். முன்பின் தெரியாத ஆம்பளை ஒருத்தர் ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. அதனால் பாதியை மென்று விழுங்கிவிட்டு இறங்கி வந்துவிடுவாள்.

போன கோடையில் இதற்கும் ஆபத்து வந்தது. எங்கள் வட்டார அலுவலகம் கமாக் குன்றை 'வரலாற்றுக் கல்லறைப் பூங்கா' ஆக்கப்போவதாக அறிவித்தது. கேட்பாரற்ற மேடுகளிலெல்லாம் மஞ்சள் அட்டை முளைத்தது. உரியவர்கள் அக்டோபர் முடிவதற்குள் வந்து பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தோண்டி எடுத்து எரித்துவிடுவார்கள். பாறைக்குக் கீழே இரண்டு மேட்டிலும் அட்டை தொங்கியது.

ஓக்புன் அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே ஜெகால் என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன்தான். யாரைப் பார்த்தாலும் அம்மா என்பான், எதைக் கேட்டாலும் முடியாது என்பான்.

"தம்பி, ரெண்டு மேட்டையும் என் பேர்ல எழுதிக்க."

"ரெண்டும் யாரும்மா?"

"எங்கப்பா."

"ரெண்டுமா?"

"ரெண்டுல ஒண்ணு."

ஜெகால் தலையைச் சொறிந்தான். "ஒரு ஆளுக்கு ஒரு அப்பாதாம்மா போட முடியும். ரெண்டாவது அப்பா போட்டா கம்ப்யூட்டரே விடாது. எது உங்க அப்பான்னு ஆதாரத்தோட வாங்க, உடனே எழுதிக்கறேன்."

"தோண்டிப் பாத்தா தெரியாதா?"

"தோண்டறதுக்கு உரியவங்க சம்மதம் வேணும்."

"உரியவ நான்தானே?"

"அதுக்குத்தான் ஆதாரம் கேக்கறேன்."

அந்தச் சட்டத்தை எழுதியவன் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து செத்திருப்பான் என்று சொல்லிவிட்டு ஓக்புன் எழுந்து வந்தாள்.

ஆதாரத்தைக் கொண்டுவந்தது ஒரு காட்டுப்பன்றி. செப்டம்பர் நடுவில், நல்ல மழைக்கு மறுநாள், அவள் வடக்குச் சரிவுக்குப் போனாள். இடது மேட்டின் தலைப்பக்கம் ஒரு முழத்துக்குக் கிண்டிக் கிடந்தது. மழை பெய்தால் மண்புழுவைத் தேடிப் பன்றிகள் இறங்கும், மூக்கால் உழுதுவிட்டுப் போகும். எங்கள் பக்கத்தில் இது வாடிக்கை. பன்றியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே மண்ணைத் தள்ள உட்கார்ந்தவள் கையில் ஒரு ஜாடியின் வாய் தட்டுப்பட்டது. சின்ன ஊறுகாய் ஜாடி. மூடியில் மெழுகு. உள்ளே எண்ணெய்த்தாளில் சுற்றி ஒரு துணி.

துணியை விரித்தாள். ஒரு ஆள் கையை விரித்த அகலம். பழுப்பேறிய வெள்ளை. நடுவில் வட்டம், பாதி சிவப்பு, பாதி நீலம். நான்கு மூலையிலும் கறுப்புக் கோடுகள். கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டை.

ஓக்புன் அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது அப்பாவின் கொடி. அவர் சந்தை சந்தையாகப் போய்க் கம்பில் கட்டி நிறுத்திய கொடி. புதைத்த கூட்டாளிதான் தலைமாட்டில் வைத்திருக்க வேண்டும். எட்டு வயது வரை அவள் தினமும் பார்த்த துணி. "இடதுதானா! இத்தனை வருஷமா இடதுலயா இருந்தே!" என்று மேட்டை அடித்து அடித்து அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு மெஷினைக்கூட எடுக்காமல் ஜாடியை அணைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. ஜெகால் துணியைப் பார்த்தான். எழுந்து நின்றான். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான்.

"அம்மா, இது நம்ம தேசியக் கொடி! கையால வரைஞ்சது!"

இதில் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. நடுவில் சிவப்பும் நீலமும் கலந்த வட்டம், நான்கு மூலையில் கறுப்புக் கோடு: கொரியாவில் பிறந்த எவனுக்கும் அது ஒன்றுதான் கண்ணில் படும். அதிலும் கையால் வரைந்த பழைய கொடி என்றால் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஒளித்து வைத்த கொடி, உயிரைப் பணயம் வைத்த கொடி. பக்கத்து ஊரில் மூன்று சுதந்திரத் தியாகிகளுக்குச் சிலை இருக்கிறது. எங்கள் ஊருக்கு ஒருவர்கூட இல்லை. எழுபது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லியே பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைக் கல்யாண வீடுகளில் மட்டம் தட்டியிருக்கிறார்கள்.

ஜெகால் போன் போட்ட பத்தாவது நிமிஷம் உள்ளூர் வரலாற்றுச் சங்கத் தலைவர் மெங் சாங்ஹோ வந்து நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபது வயது, கையில் எப்போதும் ஒரு சுட்டுக்கோல். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு துணியின் மேல் குனிந்தவர் நிமிரும்போது கண் கலங்கியிருந்தது.

"தலைவர் ஐயா, அது எங்கப்பாவோடது" என்றாள் ஓக்புன்.

"உங்கப்பா எந்த வருஷம் பொறந்தாரும்மா?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு."

"இந்தக் கொடி அதுக்கும் முன்னால, பத்தொன்பதாம் வருஷம் ஜப்பான்காரனை எதிர்த்த போராட்டத்துல புடிச்சதும்மா. நெசவு சொல்லுது. கோட்டைப் பாருங்க, எவ்வளவு கோணல்! போலீஸ் துரத்தும்போது அவசரத்துல வரைஞ்ச கை!"

"கோணல்தான். எங்கப்பாவுக்குப் படம் வரைய வராது. அந்த ஓட்டைகூட சிகரெட்டு பட்டது."

"துப்பாக்கிக் குண்டும்மா."

"இந்தக் கறை மிளகாய் விழுது. அம்மா ஒரு நாள்..."

"ரத்தம்!" என்றார் தலைவர். ஜெகால் குறித்துக்கொண்டான்.

"எங்கப்பா மருந்து விக்கறவருங்க. சந்தையில. அதுக்கு வெச்சிருந்த கொடி இது."

"ஆகா! மருந்து விக்கற வேஷத்துல தலைமறைவா திரிஞ்ச தியாகிங்க எத்தனை பேர்! குறிச்சுக்க ஜெகால். உங்கப்பா வேறம்மா. அவரு பக்கத்து மேட்டுல இருப்பாரு. இவரு வேற ஆள், பெரிய ஆள். அது சரி, மருந்துக்குக் கொடி எதுக்கு? இதைக் காட்டி எப்படி விப்பாரு உங்கப்பா? சொல்லுங்க, கேப்போம்."

ஓக்புன் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். முகமெல்லாம் சிவந்துபோய், கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். வலது மேட்டை அவள் அப்பா பேரில் எழுதலாமா என்று ஜெகால் பின்னாலேயே ஓடிவந்து கேட்டான். உதவி செய்கிறானாம்.

சந்தை முக்கில் தோக்சில் என்ற சிநேகிதி சூப்புக்கடை வைத்திருக்கிறாள். ஓக்புன்னைவிட மூன்று வயது சின்னவள், வாய் மட்டும் முப்பது வயது பெரியது. விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே போட்டாள்.

"சொல்ல வேண்டியதுதானேக்கா, எப்படி வித்தாருன்னு? அதுல என்ன மானம் போச்சு உனக்கு?"

ஓக்புன் ஒரு டம்ளர் சோஜுவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னாள். உயிரோடிருக்கிற யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. புருஷன் வீட்டில்கூட 'அப்பா மருந்து லைன்ல இருந்தாரு' என்று சொல்லிக் கல்யாணம் ஆனவள்.

அப்பா விற்றது பூச்சி மாத்திரை. பாதி சிவப்பு, பாதி நீலம். அந்தக் கொடியின் நடுவில் இருப்பது அந்த மாத்திரை. கூட்டாளி மாமா தம்பட்டம் அடிப்பார். கூட்டம் சேர்ந்ததும் அப்பா ஓக்புன்னை நடுவில் நிறுத்துவார். அவள் வயிற்றை உப்பிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லார் முன்னாலும் ஒரு மாத்திரை விழுங்குவாள். தம்பட்டம் வேகமெடுக்கும். மாமா ஒரு போர்வையைக் குறுக்கே பிடிப்பார். பிறகு அப்பா சாப்பாட்டுக் குச்சிகளால் அவள் பாவாடைக்குப் பின்னாலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ஒன்றை இழுத்து உயரத் தூக்கிக் காட்டுவார். கூட்டம் அலறும்.

"நெசமாவே பூச்சியா அக்கா?"

"நூடுல்சு. தடி நூடுல்சு. பார்லித் தண்ணியில ஊறவெச்சது. மூணு வருஷம், எல்லாச் சந்தையிலயும். 'நூடுல்சு பொண்ணு வருது'ன்னு பசங்க பின்னாடியே வருவானுங்க. எவனாவது கண்டுபுடிச்சுட்டான்னு இல்லடி, கண்டுபுடிக்காதவனுக்கு நான் பூச்சிக்காரி. கண்டுபுடிச்சவனுக்கு நான் திருடி."

தோக்சில் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து அவள் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. "அதான்! நாப்பது வருஷமா என் கடையில நூடுல்சைத் தொடமாட்டேங்கறே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அக்கா, பேசாம விட்டுடேன். பூச்சி மாத்திரை வித்து உங்கப்பா என்னத்தைக் கண்டாரு? இப்ப தியாகியா இருந்துட்டுப் போகட்டுமே. வருஷா வருஷம் பட்டாளம் வந்து சல்யூட் அடிக்கும்."

"அடிக்கும். யாருக்கு? 'பேர் தெரியாத தியாகி'ன்னு கல்லு வைக்கறாங்களாம். விழா முடிஞ்ச மறுநாளே தோண்டி எடுத்து, மேல கார் நிறுத்தற எடத்துக்குப் பக்கத்துல பளிங்கு மேடை கட்டி, வேலி போட்டு, கேமரா வெச்சுடுவாங்க. நான் ஒரு சொட்டு சோஜு ஊத்த முடியாது. இப்பத்தாண்டி கெடைச்சாரு. அதுக்குள்ள பேரில்லாமப் பண்ணிட்டாங்கன்னா அப்புறம் எங்க போய்த் தேடுவேன்?"

தோக்சில் கரண்டியை எடுத்தாள். இன்னொரு கிண்ணம் சூப் ஊற்றினாள்.

விழா ஏற்பாடு தடபுடலாக நடந்தது. பயிரை நாசம் செய்கிறதென்று பன்றிகளைச் சுட விவசாயிகள் கொடுத்த மனு ஒத்திவைக்கப்பட்டது. கொடியைக் கண்டுபிடித்த பன்றி எதுவென்று தெரியாததால் எல்லாப் பன்றிகளுக்கும் மரியாதை. தலைவர் மெங் உள்ளூர்ப் பத்திரிகையில் மூன்று கட்டுரை எழுதினார். முதல் கட்டுரையில் தியாகிக்கு ஒரு குண்டு பட்டது, மூன்றாவதில் நான்கு. ஓக்புன் இடையில் இரண்டு தரம் அலுவலகப் படியேறினாள். இரண்டு தரமும் நூடுல்ஸ் தொண்டைக்குழி வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

பண்டிகைக்கு நான்கு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு விழா. வடக்குச் சரிவில் அத்தனை பேரை நான் கண்டதில்லை. வட்டாரத் தலைவர் கறுப்பு சூட்டில் வந்தார். ஆறு சிப்பாய்கள், ஊதுகொம்போடு ஒருவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஊரில் நடக்க முடிந்த கிழடுகள் அத்தனையும் நாற்காலியில். இடது மேட்டின் முன்னால் துணி மூடிய கல். பக்கத்தில் ஒரு சட்டத்தில் கொடி. கண்டெடுத்தவள் என்ற முறையில் ஓக்புன்னுக்கு முதல் வரிசையில் நாற்காலி, மார்பில் காகிதப் பூ. வேலைக்குப் போடுகிற அதே பூட்சில் வந்திருந்தாள்.

வட்டாரத் தலைவர் மேட்டின் முன்னால் நெற்றி தரையில் பட இரண்டு தரம் விழுந்து கும்பிட்டார். ஓக்புன் தன்னை மறந்து கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சந்தை சந்தையாகப் போலீஸ்காரன் துரத்திய மனுஷனுக்கு இப்படி ஒரு கும்பிடு! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, விட்டுவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

பிறகு தலைவர் மெங் சுட்டுக்கோலோடு கொடிக்குப் பக்கத்தில் வந்து விளக்கம் சொன்னார். சொல்லி முடித்து, "பெயரில்லாமல் வாழ்ந்து, பெயரில்லாமல் மறைந்து, என்றென்றும் பெயரில்லாமல் நம் நெஞ்சில்..." என்று கையை உயர்த்தினார்.

"பேரு இருக்கு!" என்று ஒரு கத்தல்.

எல்லாரும் திரும்பினார்கள். ஓக்புன் எழுந்து நின்றிருந்தாள். நேராகப் போய் தலைவர் கையிலிருந்த சுட்டுக்கோலைப் பிடுங்கினாள். ஜெகால் "அம்மா, அம்மா" என்று பின்னால் வந்தான்; தோக்சில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

ஓக்புன் கொடியின் ஒரு மூலையில் கோலைத் தட்டினாள். வந்த குரல் அவள் குரலே இல்லை. சந்தையை நிறுத்துகிற ஆம்பளைக் குரல்.

"வாங்கய்யா வாங்க! காசு வேணாம், கண்ணை மட்டும் குடுங்க! இது யாரு? உருண்டைப்புழு அண்ணன். நீங்க திங்கற சோத்துல பாதி இவனுக்கு!" அடுத்த மூலை. "இது கொக்கிப்புழு மாமன். ரத்தம் குடிச்சுட்டு மூஞ்சியை வெளுக்கவெப்பான்!" அடுத்தது. "நாடாப்புழு நாட்டாமை. படுத்தா பத்து முழம்!" கடைசி மூலை. "கீரிப்பூச்சிக் கொழுந்தன். பாட்டு வாத்தியார் முன்னால உக்காரவிடமாட்டான்!" சுட்டுக்கோல் நடு வட்டத்தில் பட்டென்று விழுந்தது. "சிவப்புப் பாதி அடிக்கும், நீலப் பாதி அனுப்பும்! வாடகை குடுக்காம வயித்துல குடியிருக்கறவனைப் பாத்து எல்லாரும் என்ன சொல்லணும்?"

வட்டாரத் தலைவர் முழங்காலில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் நின்றார்.

"காலி பண்ணு! காலி பண்ணு!"

சொன்னது தலைவர் மெங். வாயைப் பொத்திக்கொண்டார், அதற்குள் வெளியே வந்துவிட்டது. வந்ததைக் கேட்டு அவரே திகைத்துப்போய் நின்றார். நாற்காலிகளில் ஒரு சலசலப்பு. தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தி கைத்தடியைத் தரையில் தட்டினாள். "காலி பண்ணு!" அடுத்த நாற்காலி. அதற்கடுத்தது. எழுபது வயதைத் தாண்டிய அத்தனை பொக்கைவாயும் சேர்ந்து கத்தியது. விஷயம் புரியாத பள்ளிப் பிள்ளைகளும் கத்தினார்கள். சிப்பாய்கள் கத்தலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர் மெங் ஓக்புன்னுக்குப் பக்கத்தில் வந்தார். மைக் திறந்திருப்பதை மறந்துவிட்டார்.

"ஒரு சின்னப் பொண்ணு நடுவுல நிக்குமே..."

"நான்தான்."

"அந்தப் பூச்சி..."

"நூடுல்சு" என்றாள் ஓக்புன். மைக்கில், முந்நூறு பேருக்கு நடுவில், அந்தச் சொல் கணீரென்று விழுந்தது. அவள் தலைகுனியவில்லை. "தடி நூடுல்சு. பார்லித் தண்ணியில ஊறவெச்சது. மாத்திரையும் பாதி கோதுமை மாவு. எல்லாரும் மன்னிச்சுக்குங்க. ஆனா அவரு எங்கப்பா. பேரு பியோ சில்போக்."

"பாதி மாவா?" தலைவர் மெங் நிமிர்ந்தார். அவர் ஆயுளில் அவரை யாரும் அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. "மாவா இருந்தா எனக்கு எப்படிம்மா பத்தொன்பது விழுந்துது? பத்து வயசுல! நானே எண்ணினேன்! அதுவரைக்கும் வகுப்புல கடைசி நான். அந்த வருஷம் மூணாவது ராங்க்! யாரு தங்கச்சி மாவுன்னு சொன்னது?"

சிரிப்பு குன்றைப் பிய்த்துக்கொண்டு போனது. எனக்கு ஏழு, எனக்கு பதிமூணு என்று நாற்காலிகளிலிருந்து எண்ணிக்கை வந்துகொண்டே இருந்தது. ஆதாரம் வேண்டுமென்றால் இதைவிட என்ன வேண்டும்? ஜெகால் எழுதிக்கொண்டே வந்தான், பேர் வாரியாக, பூச்சி வாரியாக.

தலைவர் மெங்கை மட்டும் வரலாறு விடவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு வலது மேட்டைப் பார்த்தார். "அப்ப தியாகி இதுல இருக்கணும்" என்றார். "ஆராய்ச்சி முடியற வரைக்கும் இதை ஒருத்தரும் தொடக்கூடாது. எழுதிக்க ஜெகால்." அவர் செய்கிற ஆராய்ச்சி எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது? அந்தப் பக்கத்து ஆளுக்கும் இனி பயமில்லை.

ஊதுகொம்புச் சிப்பாய் வந்து, ஊதுவதா வேண்டாமா என்று வட்டாரத் தலைவரைக் கேட்டான். அவர் ஜெகாலைப் பார்த்தார். ஜெகால் ஓக்புன்னைப் பார்த்தான்.

"ஊது தம்பி" என்றாள் ஓக்புன். "அவருக்குச் சத்தம் புடிக்கும்."

கொம்பு முழங்கியது. ஓக்புன் பூட்சைக் கழற்றி வைத்துவிட்டு இடது மேட்டின் முன்னால் முழங்காலிட்டு விழுந்தாள். ஒரு தரம் எழுந்தாள். இரண்டாம் தரம் விழுந்தவள் எழவில்லை. புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்: அம்மா பட்ட பாடு, கல்யாணத்துக்கு அவர் இல்லாமல் போனது, புருஷன் செத்த அன்றைக்கு அவரைத்தான் நினைத்துக்கொண்டது, மூன்று வருஷம் நடுச்சந்தையில் தன்னை நிறுத்தியதற்காக அவரை மன்னிக்கவே முடியாது என்று இருந்தது, எல்லாவற்றையும். வட்டாரத் தலைவர் காரில் ஏறிப் போனார், சிப்பாய்கள் போனார்கள், நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள். அவள் பேசி முடிக்கவில்லை.